தாமான் வீட்டு வாசலில் புல் பதிக்க: சுங்கை சிப்புட் மண்ணுக்கு ஒரு வழிகாட்டி

எல்பில், டோவன்பி, ஹேவூட் என்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் புல்லை ஒழிக்கத் தெரியும், வளர்த்துப் பழக்கமில்லை. குறை ஒன்றும் இல்லை, வேலை அப்படி. தோட்டக் காட்டில் லாலாங் என்ற முரட்டுப் புல் தலைகாட்டினால் மருந்தடிக்க ஆள் போகும். மரவரிசைக்கு நடுவே மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று பியூரேரியா, கலபகோனியம் போன்ற மூடுகொடிகளை நிர்வாகமே விதைக்கும். கொடி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும்; புல்லோ மரத்துக்குப் போட்ட உரத்தைத் தின்றுவிடும். மண்டோரிலிருந்து துரை வரைக்கும் எல்லாரும் புல்லுக்கு எதிரிகள்தான்.

அதே குடும்பங்கள் இப்போது தாமானில் (புதுக் குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி வந்திருக்கின்றன. வீட்டுக்கு முன்னால் இருபதடி அகலம், பத்தடி நீளம் செம்மண். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. பாதிப் பேர் சிமெண்டைக் கொட்டி விடுகிறார்கள். அவரவர் விருப்பம். ஆனால் மத்தியானம் முழுக்கச் சிமெண்டுத் தரை வாங்கி வைக்கும் சூடு பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குள் வீசிக்கொண்டே இருக்கும். புல்தான் போடுவது என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவும் உழைப்பும் முக்கால்வாசி மண்ணில் போக வேண்டும், அதுவும் புல் வந்து இறங்குவதற்கு முன்பே. புல்லுக்குக் காசைக் கொட்டிவிட்டு மண்ணைக் கவனிக்காதவர்கள் அடுத்த வருசம் மறுபடி நர்சரி வாசலில் நிற்கிறார்கள்.

யாருடைய நிலம், எவ்வளவு வெயில்

வேலிக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. வெளியே, ரோட்டோர லோங்காங் (கால்வாய்) வரைக்கும் உள்ள பட்டை பெரும்பாலும் ஒதுக்கு நிலம். அங்கே மேடு கட்டுவது, கல் பதிப்பது, லோங்காங்கை மூடுவது என்றெல்லாம் யோசனை இருந்தால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உள்ளே கொத்துவதாக இருந்தாலும், தண்ணீர் மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று முதலில் பார்த்து, அதன் மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சாங்குல் (மண்வெட்டி) ஒரே கொத்தில் குழாயை உடைத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கொரு முறை வாசலுக்கு வந்து, வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவர், மாமரம், கார் நிறுத்தும் கூரை எல்லாம் நிழலைத் திருப்பும். எந்தப் புல் வாங்குவது என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

கொட்டேஷனில் வரும் டர்ஃப்

கான்ட்ராக்டரிடம் விலை கேட்டால் தாளில் 'டர்ஃப்' என்று எழுதித் தருவார். இந்த ஒரு சொல்லுக்குள் விலை வித்தியாசம் நிறைய ஒளிந்திருக்கும். வேரும் கொஞ்சம் மண்ணுமாகத் தட்டையாகச் சீவி எடுத்த புல் பாளம்தான் டர்ஃப். அதை இடைவெளியே இல்லாமல் தரை முழுக்க அடுக்கினால் குளோஸ் டர்ஃபிங். துண்டு துண்டாக இடம் விட்டுப் பதித்து, மீதியைப் புல் தானே ஓடி மூடிக்கொள்ளட்டும் என்று விட்டால் ஸ்பாட் டர்ஃபிங். ரோடு போடும்போது சரிவுகளில் மூங்கில் குச்சி அடித்துப் புல்லைப் பிடித்து நிறுத்துகிறார்களே, அங்கேயும் இந்த இரண்டு சொற்கள்தான் புழங்கும். ஒருவர் சொன்ன விலை மற்றவர் விலையில் பாதியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒருவேளை அவர் சொன்னது ஸ்பாட். பழைய புல்லை எடுப்பது, மண் கொண்டுவருவது, மணல் தூவுவது, காய்ந்துபோன துண்டை மாற்றித் தருவது இவையெல்லாம் விலைக்குள் அடக்கமா என்றும் கேட்டு, தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆர்ட்டிஃபிஷியல் டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல். ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்து, இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது உண்மையான புல் திடலில். அடுத்த வருசம் மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது, பிறகு திரும்பவேயில்லை. விளையாட்டுக்கு அது சரி. நம் ஊர் வெயிலில், செருப்பில்லாமல் பிள்ளைகள் ஓடுகிற வாசலுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. மத்தியானத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஈப்போவில் இருக்கும் பேராக் டர்ஃப் கிளப்பின் பெயரில் உள்ள டர்ஃப் குதிரைப் பந்தயத்தைக் குறிப்பது. அந்த அர்த்தத்தில் உங்களுக்கு யாரும் கொட்டேஷன் தரப்போவதில்லை.

எந்தப் புல்

கவ் கிராஸ். இந்த ஊருக்கு என் பதில் இதுதான், பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு. அகன்ற இலை, தரையோடு படர்ந்து ஓடும் தண்டு. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்றாலும் மலேசியாவில் திரும்பிய பக்கமெல்லாம் இதுதான் கிடக்கிறது. புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், கொஞ்சம் நிழலையும் பொறுத்துக்கொள்ளும், மிதிபட்டாலும் எழுந்துவிடும். வெயில் நீண்டு காய்ந்தால் மட்டும் முகம் வாடும். தண்ணீர் காட்டினால் தேறிவிடும். "அது ஏழை வீட்டுப் புல்லு" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்துத் திடலிலேயே சில வருசங்களுக்கு முன்புவரை இருந்தது கவ் கிராஸ்தான். பிறகுதான் ஸோய்சியா வகைக்கு மாற்றினார்கள்.

பேர்ல் கிராஸ் என்று விற்பது இதற்குத் தம்பி மாதிரி. இலை சிறியது, குட்டையாகவே இருக்கும், அடிக்கடி வெட்ட வேண்டாம். காசு கூட. சின்ன வாசலுக்கு நல்ல தேர்வு.

பிலிப்பைன் கிராஸும் ஜப்பான் கிராஸும் ஸோய்சியா இனம். பார்க்க மெத்தைபோல அழகாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் மக்கள் மயங்குகிறார்கள். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மெதுவாக வளரும் என்பது வெட்டுகிறவருக்கு லாபம். ஒரு இடம் செத்துவிட்டால் மூடுவதற்கும் அதே மெத்தனம்தான். இரண்டு பக்கமும் சுவர் நிற்கும் நடு வரிசை வீடுகளில் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தேர்வு.

அருகம்புல் பிள்ளையாருக்கு உகந்தது, வெயிலில் நன்றாகவும் வரும், பல கோல்ப் மைதானங்களில் அதன் கலப்பின வகைகளை வளர்க்கிறார்கள். நிழலில் அதற்கு உயிரில்லை. பூச்செடித் தொட்டிப் பக்கம் ஓடினால் பிடுங்கி மாளாது. ஒரு மண்சட்டியில் வளர்த்துப் பூசைக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள், போதும்.

காசு கையைக் கடித்தால் பாளம் வாங்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் கவ் கிராஸ் வெட்டும்போது ஓடுதண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில், கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக ஊன்றி வையுங்கள். மூன்று மாதத்தில் பெரும்பாலும் மூடிவிடும். அதுவரை வாரா வாரம் உட்கார்ந்து களை பிடுங்குவதுதான் இதற்கான விலை.

பழையதை வேரோடு எடுப்பது

வாசலில் ஏற்கெனவே ஏதோ பச்சையாக இருக்கும். அதை மேலே வழித்துவிட்டுப் புதுப் பாளத்தைப் போர்த்துவது வீண் வேலை. நான்கு பேரை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் லாலாங். மண்ணைக் கிளறினால் வெள்ளையாக, கணுக்கணுவாக, நுனி ஊசி மாதிரி கூர்மையான வேர்த்தண்டு வரும். விரல் நீளத் துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் புதுப் பாளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். இரண்டாவது கோரை. பார்க்கப் புல்போல இருந்தாலும் தண்டை இரு விரலால் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். அடியில் கறுப்பாகச் சின்னக் கிழங்கு. கையால் இழுத்தால் இலைதான் வரும், கிழங்கு சிரித்துக்கொண்டு உள்ளே இருக்கும். கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது தொட்டாற்சிணுங்கி: முள் இருப்பதால் கையுறை போட்டுக்கொண்டு, ஆணிவேரோடு பிடுங்குங்கள். கடைசியாக, காற்சட்டையிலும் சேலை ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் கெமுஞ்சுப் புல்.

மருந்தடிக்கலாமா என்று கேட்பார்கள். இருபதுக்குப் பத்தடி இடத்துக்குத் தேவையில்லை, இரண்டு நாள் சாங்குல் வேலை போதும். லாலாங் காடாகவே கிடந்தால் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து, இலை பழுப்பாகி வேர்வரை இறங்க இரண்டு வாரமாவது விட்டு, மறுபடி தலைகாட்டுவதற்கு இன்னொரு முறை அடிக்க வேண்டியிருக்கும். மழை வரும்போல இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், பூட்ஸ் கட்டாயம். தோட்டத்தில் பழகிய கையோடு யாராவது பழைய பாராகுவாட் களைக்கொல்லிப் போத்தலை எடுத்துக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அது தடை. உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. அதோடு, அது பட்ட இலையை மட்டும்தான் கருக்கும். லாலாங் வேரைத் தொடாது. எத்தனையோ வருசம் நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த மருந்து அது.

பிடுங்கிய குப்பைக்கு வாசலில் தீ வைக்க வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். லாலாங் வேரையும் கோரைக் கிழங்கையும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வேகவிட்டு, பிறகு வீசுங்கள். மற்றதை மக்க வைக்கலாம்.

சுத்தம் செய்த மண்ணை இரண்டு வாரம் சும்மா விட்டுப் பாருங்கள். தப்பித்தது எல்லாம் முளைத்துக் காட்டிக்கொடுக்கும். அவசரப்படுகிறவர்கள் தாண்டிக் குதிப்பது இந்த இரண்டு வாரத்தைத்தான்.

மண்ணும் மட்டமும்

தாமான் கட்டும்போது குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியிருப்பார்கள். நல்ல மேல்மண் அப்போதே போய்விட்டது. உங்கள் வாசலில் இருப்பது அடிமண், அதற்குள் உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு, சில இடத்தில் சிமெண்டுப் பையே அப்படியே. அரையடி ஆழத்துக்குக் கொத்தி இதையெல்லாம் பொறுக்கி எடுங்கள். அடியில் ஒரு பலகையளவு சிமெண்டுக் கட்டி கிடந்தால் அதன் மேலே உள்ள புல் மட்டும் ஒவ்வொரு வெயில் காலத்திலும் மஞ்சளாகும். வீட்டுக்காரர் உரம் போட்டுப் போட்டுப் பார்ப்பார்.

அடுத்தது தண்ணீர் போகும் வழி. ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் தண்ணீர் அப்படியே நின்றால் மண் இறுகியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் லோங்காங்கை நோக்கி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, மேலே மண் மூட வேண்டும். வருசத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்கும் ஊர் இது. புல் தாகத்தால் சாவதைவிட மூழ்கிச் சாவது அதிகம்.

மட்டம் பார்க்க ஒரு நைலான் கயிறும் கொத்தனார் வைத்திருக்கும் ஒளிபுகும் தண்ணீர்க் குழாயும் போதும். வீட்டுச் சுவரோரம் ஒரு முளை, லோங்காங் ஓரம் ஒரு முளை. குழாயின் இரு நுனியிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை இரண்டு முளையிலும் குறித்தால் அதுதான் சரிமட்டம். இனி லோங்காங் பக்கக் குறியை இரண்டு அங்குலம் கீழே இறக்கிக் கயிற்றைக் கட்டுங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவு கண்ணுக்கே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சரிவு எப்போதும் வீட்டை விட்டு வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: அடுத்துச் சொல்லும் நல்ல மண்ணையும் போட்டு அழுத்திய பிறகு மண்ணின் மேல்மட்டம், ஐந்தடி நடையின் (வீட்டை ஒட்டிய நடைபாதையின்) விளிம்பைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். பாளம் போட்டதும் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். இதை மறந்தால் புல் நடையைவிட உயர்ந்து நின்று, மழைத் தண்ணீரை வரவேற்பறைக்கு அனுப்பிவைக்கும்.

செம்மண் மேலே இரண்டு அங்குலம் நல்ல மண் போடுங்கள். இருநூறு சதுர அடிக்கு இது ஏறக்குறைய 33 கன அடி, ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லோரிக்காரரிடம் 'ஒரு லோரி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆற்று மணலும் மக்கிய உரமும் கலந்த மண் நல்லது. எண்ணெய் எடுத்த பிறகு ஆலையில் மிஞ்சும் செம்பனைக் குலையை மக்கவைத்த உரம் நம் பக்கத்தில் கிடைத்தால் விடாதீர்கள். பச்சைக் கோழி எருவைத் தூக்கி வந்து போட்டால் ஈ மொய்த்து அக்கம்பக்கத்தோடு சண்டை வரும். நன்றாக மக்கியது என்றால் சரி.

இந்த மண் புளிப்பு. நூறு சதுர அடிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை வேளாண் சுண்ணாம்புத் தூளைத் தூவி, கிளறிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் அதே சாம்பல் நிறத் தூள்தான். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள், உரத்திலுள்ள நைட்ரஜன் ஆவியாகிப் போகும். இரண்டு வார இடைவெளி இருக்கட்டும்.

கடைசியில் மண்ணின் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கால்களை ஒட்டி வைத்து நடந்து அழுத்துங்கள். குதிகால் அரை அங்குலம் புதைந்தால் பதம் சரி. அதற்கு மேல் புதைந்தால் இன்னும் அழுத்த வேண்டும். புதையவே இல்லையென்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், ரேக்கால் மேலாகக் கீறிவிடுங்கள்.

லோரி வரும் நாள்

மேற்குக் கரையில் மழை ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் உச்சத்துக்கு வரும். மழை தொடங்கும் சமயம் பதிக்க நல்லது, கொட்டித் தீர்க்கும் சமயம் வேண்டாம். மார்ச் கடைசி, செப்டம்பர் இரண்டும் தோது. மற்ற மாதங்களில் செய்யக் கூடாது என்றில்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் போதும்.

பாளத்தின் அளவு கடைக்குக் கடை மாறும். துண்டுக் கணக்கில் பேசாமல் சதுர அடிக் கணக்கில் விலை கேளுங்கள். வளைவு, மூலை என்று வெட்டி வீணாவதற்கு நூற்றுக்கு ஐந்து பத்து சதுர அடி கூடுதலாக வாங்குங்கள். இறக்குவதற்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும்.

"அண்ணே, இது எப்ப வெட்டுனது?"

"காலையிலதாம்மா."

"அப்ப கை விட்டுப் பாத்துக்கட்டுமா?"

அடுக்கின் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், புழுங்கிய வாடை அடித்தால், அது நேற்றோ முந்தாநாளோ வெட்டியது. உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. திருப்பி அனுப்பக் கூச்சப்படாதீர்கள். ஒரு பாளத்தை இரு கையால் தூக்கிக் குலுக்கினால் மண் உதிராமல் வேர் பிடித்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் லாலாங்கின் வெள்ளைத் தண்டோ கோரைக் கிழங்கோ இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பதிப்பது

வந்த அன்றே வேலை முடிய வேண்டும். முடியாவிட்டால் மீதியை அடுக்கிலிருந்து எடுத்து நிழலில் பரப்பி, ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள்.

மண்ணை முதலில் ஈரமாக்குங்கள், சேறாக அல்ல. நடை விளிம்பு போன்ற நேர்க்கோட்டில் முதல் வரிசையைத் தொடங்குங்கள். செங்கல் சுவர் மாதிரி, அடுத்த வரிசையின் இணைப்பு முந்தைய வரிசைப் பாளத்தின் நடுவில் விழட்டும். ஓரத்தோடு ஓரம் இடித்துச் சேருங்கள். இழுத்து நீட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மேலே இருப்பது செத்துப்போகும். பதித்ததன் மேல் நேராக மிதிக்காமல், ஒரு பலகை போட்டு அதில் மண்டியிட்டு முன்னேறுங்கள். ஓரங்களை வெட்டப் பழைய ரொட்டிக் கத்தி போதும், பாராங் வேண்டாம். சுவரோரத்தில் விரலகலத் துண்டுகளை வைக்காதீர்கள், அவை முதலில் காயும்; முழுத் துண்டை ஓரத்துக்குக் கொண்டுபோய், குட்டித் துண்டை நடுவே அடக்குங்கள்.

இணைப்புகளில் மணலைத் தூவி விளக்குமாற்றால் கூட்டி நிரப்புங்கள். பலகையால் தட்டி, வேர் மண்ணோடு ஒட்டும்படி செய்யுங்கள். இனி தண்ணீர். பத்து நிமிடம் ஊற்றிவிட்டு ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அடிமண் காய்ந்தே இருக்கும். அது நனையும்வரை ஊற்ற வேண்டும்.

முதல் ஒரு மாதம்

மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் தண்ணீர், இரண்டு வாரத்துக்கு. பத்தாம் நாள்வாக்கில் ஒரு மூலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். பாய் மாதிரி எழுந்து வந்தால் இன்னும் வேர் பிடிக்கவில்லை. இழுக்க இழுக்கப் பிடிவாதம் பிடித்தால் ஒரு வேளையாகக் குறைக்கலாம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்குப் பின் கணக்கு வேண்டாம். காலால் மிதித்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பாதச் சுவடு அப்படியே படுத்திருந்தால் புல் தண்ணீர் கேட்கிறது.

பிள்ளைகளை ஒரு மாதம் தள்ளி வைப்பதுதான் கஷ்டம். கயிறு கட்டினால் தாண்டுவார்கள். மோட்டார் சைக்கிளை வாசலில் ஏற்றி நிறுத்தும் வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெட்டு

மூன்று வாரம் கழித்து, வேர் பிடித்ததை உறுதி செய்துகொண்டு முதல் வெட்டு. ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கவ் கிராஸை இரண்டு அங்குல உயரத்தில் விட்டால் தழைத்துக் களையை அமுக்கும். ஒட்டச் சிரைத்தால் தண்டு வெயிலில் கருகி, அந்த இடைவெளியில் கோரை புகும். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் 'நல்லா ஒட்ட வெட்டிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னால் கவலைப்படுங்கள். மழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, மேலாக வெட்டச் சொல்லுங்கள்.

சின்ன வாசலுக்குக் கையால் தள்ளும் மெஷின் போதும். முதுகில் மாட்டும் மெஷினுக்கு ஆள் வந்தால் காரை முதலில் நகர்த்துங்கள். சுழலும் கத்தி சிதறடிக்கும் ஒரு சின்னக் கல் கண்ணாடியை உடைத்துவிடும். ரோட்டோரத்தில் வெட்டும்போது கூடவே ஒருவர் வலையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அதற்காகத்தான். சிமெண்டு விளிம்புப் பக்கம் இரும்புக் கத்திக்குப் பதில் நைலான் கயிறு போடச் சொல்லுங்கள். வெட்டுகிறவர் கண்ணாடியும் பூட்ஸும் போடாமல் வந்தால் தொடங்கவிடாதீர்கள்.

வெட்டிய புல்லை லோங்காங்குக்குள் தள்ளுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அது அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கொசு. வீட்டு வளாகத்தில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை கோம்பவுன் அபராதம் வரலாம். டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்னால் அது சின்னத் தொகை. கொஞ்சமாக வெட்டினால் துணுக்குகளைப் புல்மேலேயே விட்டுவிடலாம், உரமாகும்.

உரமும் பூச்சியும்

கடையில் பச்சை, நீலம் என்று இரண்டு என்.பி.கே. உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்தது) கேட்காமலேயே காட்டுவார்கள். பச்சை 15-15-15, இலைக்கும் வளர்ச்சிக்கும். நீலம் 12-12-17, பூவுக்கும் காய்க்கும். உங்களுக்கு வேண்டியது பச்சை. நூறு சதுர அடிக்கு 280 கிராம், அதாவது சின்னப் பிடியாக ஆறு ஏழு பிடி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டிய உருண்டை கருக்கிவிடும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். தெரியாமல் அள்ளிப் போட்டால் இரண்டு நாளில் வாசல் வைக்கோலாகும்.

ஒரே ராத்திரியில் புல் பழுப்பாகி, காலையில் மைனாக்கள் கூட்டமாக இறங்கிக் கொத்தினால் உள்ளே புழு இருக்கிறது. புல் தளர்ந்து, மண் பொருபொருவென்று வரப்பு மாதிரி எழும்பியிருந்தால் பிள்ளைப்பூச்சி சுரங்கம் போட்டிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு கரண்டியை நாலு லிட்டர் தண்ணீரில் கலந்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். இருப்பது மேலே வந்துவிடும். எது என்று பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்.

கெனோப்பி போடுவதாக இருந்தால்

தீபாவளி, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் வாசலில் கெனோப்பிக் கூடாரம் எழும், நாற்காலி வரும். தீபாவளிக்குப் புல் தயாராக வேண்டுமென்றால் ஆகஸ்டு பாதிக்குள் பதித்துவிடுங்கள். பெரிய மிதிக்கு எட்டு வாரம் தேவை. விசேஷத்துக்கு முதல் நாளே தண்ணீரை நிறுத்துங்கள், ஈர மண்ணில் கூட்டம் மிதித்தால் சிமெண்டாக இறுகும். சமையல் அடுப்பைப் புல்மேல் வைக்க வேண்டாம், கொதித்த தண்ணீரையும் எண்ணெயையும் அங்கே கொட்ட வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். கம்பளம் விரித்தால் மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள்.

எல்லாரும் போன பிறகு முள்கரண்டி மண்வெட்டியால் ஒரு சாணுக்கு ஒரு குத்தாகக் குத்தி மண்ணைத் தளர்த்தி, தண்ணீர் விடுங்கள். இலை மஞ்சளாக இருந்தாலும் உடனே பிடுங்கிவிட வேண்டாம். ஓடுதண்டை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். பழுப்பாக, நாராக இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் துண்டை வையுங்கள்.